பூச்சி மருந்து என்று நான் சொன்னது

1

ஹட்டன் பஜாரில் நடந்த கத்தி வெட்டைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இரும்புக் கடைக்கு மேல்மாடியில் கம்பியூட்டர் ரூம் நடத்திய சந்திரனை, அங்கே வேலை செய்த வட்டவளைக்காரர் கனகராஜ் கவ்வாத்துக் கத்தியால் வெட்டிவிட்டார். வேலையை விட்டு நிறுத்திய கோபம் என்று சிலர், குடிவெறி என்று சிலர். கனகராஜ் குடிப்பவரல்ல. அவரை யாரும் வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. வெட்டு விழுவதற்கு முதல் நாள் அதே ரூமில் ஓர் அடி விழுந்தது. அதை முதலில் யாரும் வெளியே சொல்லவில்லை. அடிக்கச் சொன்னவன் நான்.

சந்திரன் என் தங்கை ருக்மணியின் மகன். ரூம் என்னுடையது. நான் வேல்ஸ் நாட்டின் வடக்கே, வாரம் ஒரு நாள் ஆட்டுச் சந்தை கூடும் ஒரு சிற்றூரில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டவன். படித்தது பேராதனையில், மிருக வைத்தியம். பிறந்தது இலங்கை மலையகத்தில், வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. படித்து முடிக்கும்போது அந்தச் சந்தேகம் உங்களுக்கு இருக்காது.

காலையில் மாத்திரைகளை விழுங்கிவிட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜன்னலுக்கு வெளியே பக்கத்துப் பண்ணையின் செம்மறிகள் மழையில் நிற்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் கையசைக்கிறார். அவருக்கு நான் அமைதியான கிழவன்.

2

இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் வேலை இறைச்சிக்கூடத்தில். வெளிநாட்டில் படித்த மிருக வைத்தியர்களுக்கு அந்தக் கதவுதான் எளிதாகத் திறக்கும். மாட்டின் நெற்றியில் ஒரு கருவியை வைத்து அழுத்துவார்கள். அதிலிருந்து இரும்பு முளை பாய்ந்து மண்டையைத் துளைத்துவிட்டு உள்ளே திரும்பிவிடும். மாடு நின்ற இடத்திலேயே நான்கு காலும் மடங்கி விழும். அது வதைபடாமல் விழுந்ததா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. கண்ணிமையைத் தொட்டுப் பார்ப்பேன். துடித்தால், இன்னொரு தடவை அடிக்கச் சொல்வேன். என் மனைவி, இருந்த காலத்தில், என் துணிகளைத் தனியாகத்தான் துவைப்பாள்.

அந்த வேலைதான் என்னை முரடனாக்கியது என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். உண்மை அதுவல்ல. நான் அதற்கு முன்பே கை நீட்டுகிறவன்.

ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருந்தபோது பிரெக்சிட் வந்தது, பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது. எங்கள் பக்கத்தில் கால்நடை மருந்து விற்கும் சிறிய கம்பனிகள் பல. அயர்லாந்துக்கு மருந்து அனுப்புவது அவர்களுக்கு ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குச் சாமான் அனுப்புவது போல இருந்தது. லொறியில் ஏற்றுவார்கள், லொறி கப்பலில் ஏறும், அவ்வளவுதான். திடீரென்று நடுவே ஓர் எல்லை முளைத்தது. ஒவ்வொரு போத்தலுக்கும் சுங்க எண் வேண்டும். அது எங்கே செய்தது, உள்ளே இருப்பது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். சீனத்துத் தூளை இங்கே போத்தலில் அடைத்து லேபல் ஒட்டிவிட்டால் மட்டும் அது பிரித்தானியப் பொருளாகிவிடாது, தீர்வை விழும். இங்கே சோதித்துத் தேறிய மருந்தை அக்கரையில் மறுபடியும் சோதிக்கச் சொல்வார்கள்.

எனக்கு மருந்தும் தெரியும், அரசாங்கத் தாள்களைப் படிக்கும் பொறுமையும் உண்டு. கம்பனி கம்பனியாகப் போய் அவர்களைத் தயார்படுத்தினேன். கரெத் என்ற முதலாளி முதல் நாளே மேசையில் குத்தினார். “அயர்லாந்தில் இருக்கும் என் வாடிக்கையாளருக்கு என் நாயின் பெயர்கூடத் தெரியும். என் மருந்து எங்கே பிறந்தது என்று அவனுக்கு நான் நிரூபிக்க வேண்டுமா?” என்று ஆங்கிலத்தில் கத்தினார். நடுவில் வெல்ஷ் மொழியில் ஏதோ திட்டினார். எனக்கு அந்த மொழியில் வசவுகள் மட்டும் புரியும்.

மருந்துகளில் ஒரு சிக்கல் இருந்தது. மிருக வைத்தியருக்கு மருந்தாக இருப்பது சுங்கத்துக்கு மருந்தாக இருக்க வேண்டியதில்லை. மாட்டின் முதுகில் ஊற்றும் உண்ணி மருந்தும், நாய்க் கழுத்தில் கட்டும் தெள்ளுப் பட்டையும் சில வேளை பூச்சிகொல்லி வரிசைக்குப் போய்விடும். அதற்குத் தீர்வை வேறு, கேட்கும் சான்றிதழ் வேறு. இந்தப் பிரித்தறிதலைக் கற்றுக்கொடுப்பதில்தான் என் பிழைப்பு ஓடியது.

சுங்க அறிவிப்புகளைக் கணனியில் ஏற்ற ஆள் வேண்டியிருந்தது. இங்கே காலை விடியும்போது ஹட்டனில் மத்தியானம். இரும்புக் கடை மாடியை வாடகைக்கு எடுத்தேன். சந்திரனைப் பொறுப்பாக வைத்தேன். கனகராஜையும் இன்னும் மூன்று பேரையும் சேர்த்தோம். திறப்பு விழாவுக்குத் தேங்காய் உடைத்தபோது நான் திரையில் இருந்தபடி, “தோட்டத்துப் பிள்ளைகள் இனிக் கொழுந்துக் கூடையைத் தூக்க வேண்டியதில்லை” என்று பேசினேன். கைதட்டினார்கள். கூலி மலிவு என்பதும் காரணம்தான். அதை அன்று பேசவில்லை.

அவர்கள் முதுகுக்குப் பின்னால் எனக்கு வைத்த பெயர் ‘வேல்ஸ் தொர’. தோட்டங்களில் மேலாளரைத் தொர என்பார்கள். சந்திரன் ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டான். “மாமா, கோவிச்சுக்காதீங்க. நீங்க போன் எடுத்தாலே பிள்ளைங்க, பெரட்டுக்கு ஆள் கூப்பிட்டாச்சு, தொர வந்துட்டாருங்கிறாங்க.” பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிப்பது. நான் கோவித்துக்கொள்வது போல நடித்தேன். உள்ளே இனித்தது.

3

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இரண்டு பூச்சி மருந்துகள் தெரியும்.

ஒன்று டிஸ்பென்சரியில் கொடுப்பது. வருடத்தில் ஓரிரு தடவை சின்னப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்துவார்கள். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து. குடிக்க மறுத்தவனின் மூக்கை ஒருவர் பிடிக்க, இன்னொருவர் தலைமயிரைப் பிடித்துப் பின்னால் சாய்த்து, தொண்டைக்குள் ஊற்றுவார்கள். துப்பினால் முதுகில் அறை விழும், மறுபடி ஊற்றுவார்கள். என் அம்மா வாசலில் நின்று, “பூச்சி மருந்து குடிச்சாத்தான்டா வயிறு அடங்கும்” என்று கத்துவாள்.

மற்றது முதுகில் தகர டாங்கியைச் சுமந்துகொண்டு ஆண்கள் மலையில் தேயிலைச் செடிகளுக்கு அடிப்பது. அதைக் குடித்தவர்களும் உண்டு. எங்கள் லயத்தில் ஒருத்தி குடித்தாள். புருஷன் அவளை அடித்து அடித்தே வாந்தியெடுக்க வைத்தான். காப்பாற்றினானா, செத்தால் தன் மேல் பழி விழும் என்று பயந்து அடித்தானா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவள் பிழைத்தாள், விலா எலும்பு முறிந்து.

இரண்டுக்கும் ஒரே பெயர்தான். எதைச் சொல்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும், ஏனென்றால் சொல்கிறவர் முகம் எதிரே இருக்கும்.

ரூமின் சுவரில் ஒட்டுவதற்கு நான் ஓர் அட்டவணை செய்து அனுப்பினேன். அதில் உண்ணி, தெள்ளு, ஈ இவற்றைக் கொல்வதற்குப் ‘பூச்சி மருந்து’ என்று எழுதினேன். மாட்டின் வயிற்றுப் புழுவுக்கு வாயில் ஊற்றுவதற்குக் ‘குடற்புழு நீக்கி’ என்று நல்ல தமிழில் எழுதினேன். அந்தச் சொல்லில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கரெத்தின் லொறி கப்பலுக்குப் புறப்பட இருந்த நாளில், சுப்பர் மார்க்கெட் வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றுகொண்டு கனகராஜுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். கம்பனியின் பட்டியலில் மருந்துகளின் வியாபாரப் பெயர்களும், அவை வரும் பிளாஸ்டிக் கான்களின் நிறமும் மட்டுமே இருந்தன. அவற்றைப் பார்த்து யாரும் எதுவும் கண்டுபிடிக்க முடியாது. “அந்த நீலக் கான் எல்லாம் பூச்சி மருந்து, கனகராஜ். அப்படியே போட்டு அனுப்பிருங்க. நேரமில்ல.” அந்த நீலக் கான்களில் இருந்தது வயிற்றுப் புழுவுக்கு ஊற்றுவது. எழுதும்போது வந்த நல்ல தமிழ், அவசரத்தில் வரவில்லை. அம்மாவின் சொல் வந்துவிட்டது.

கனகராஜ் சில வருடங்கள் தோட்டத்தில் மருந்தடிக்கும் கூட்டத்தில் வேலை செய்தவர். சுவர் அட்டவணையிலும் பூச்சி மருந்து என்றால் பூச்சியைக் கொல்வதுதான். பூச்சிகொல்லி என்று போட்டார். திருப்பிக் கேட்கவில்லை. தொரையிடம் ஒன்றை இரண்டாம் தடவை கேட்கும் வழக்கம் நம் தோட்டங்களில் ஒருபோதும் இருந்ததில்லை.

அக்கரைத் துறைமுகத்தில் லொறியைத் திறந்தார்கள். கானோடு வந்த சான்றிதழ் மருந்து என்றது, அறிவிப்பு பூச்சிகொல்லி என்றது. முழு லொறியும் நின்றது. நடுவே சனி, ஞாயிறு. அதே லொறியில் குளிர்ப்பெட்டிகளில் கன்றுகளுக்கான தடுப்பூசி இருந்தது. ஐஸ் கரைந்து எல்லாம் வீணாகிப் போனது.

அதற்காகக் காத்திருந்த ஒரு பண்ணையில் கன்றுகள் மூச்சுத் திணறிச் செத்தன. பண்ணைக்காரர் அவற்றைக் கொட்டில் வாசலில் இழுத்துப் போட்டுப் படமெடுத்து அனுப்பியிருந்தார். நாக்குகள் வெளியே தொங்கின. தடுப்பூசி பலிக்க நாளாகும், நேரத்துக்குப் போயிருந்தாலும் அவை செத்திருக்கும் என்று மிருக வைத்தியனாக எனக்குத் தெரியும். அதைச் சொல்ல கரெத் என்னை விடவில்லை. கிடங்கில் என்னைப் பிடித்து இரும்புத் தட்டுகளோடு சேர்த்துத் தள்ளினார். போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, “உன் ஆட்களுக்கு வாசிக்கத் தெரியுமா, தெரியாதா?” என்று கேட்டார். சுற்றிலும் வேலையாட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இனி என் வாசலை மிதிக்காதே என்றார்.

4

வீட்டுக்கு வந்ததும் ஹட்டனை அழைத்தேன். மேல்சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

“மாமா, எல்லாரும் இருக்காங்க. சொல்லுங்க,” என்றான் சந்திரன்.

“கனகராஜ் எங்க?”

கனகராஜ் எழுந்து நின்றார். எழுந்ததால் முகம் திரைக்கு மேலே போய்விட்டது. சட்டைப் பொத்தான்கள் மட்டும் தெரிந்தன.

“நீலக் கான யாரு பூச்சி மருந்துன்னு போட்டது?”

“நான்தாங்க சார். நீங்க அப்படித்தான் சொன்னீங்க.”

“நான் சொன்னனா?”

“மெசேஜு இருக்குங்க. போட்டுக் காட்டவா?”

அவர் குரலில் எதிர்ப்பு இல்லை. உதவி செய்வது போலத்தான் கேட்டார். ஆனால் பின்னாலிருந்த யாரோ ஒருவர் மெல்லச் சிரித்தது எனக்குக் கேட்டது. அல்லது கேட்டதாக நினைத்தேன்.

“எதித்துப் பேசுறியா? தோட்டக்காட்டான்னா தோட்டக்காட்டான்தான்டா. சந்திரா, அவன் கன்னத்துல ஒண்ணு குடு.”

சந்திரன் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். “மாமா, விடுங்க மாமா. பாவம்.”

“குடுறான்னா குடு! இல்லேன்னா நீயும் நாளைக்கு வராத.”

சந்திரனின் கை உயர்ந்து வீசியது தெரிந்தது. இணைப்பு சரியாக இல்லாததால் படம் ஒரு கணம் உறைந்தது. அதன் பிறகுதான் சத்தம் வந்தது.

கனகராஜ் குனிந்து தன் கணனியை ஒழுங்காக அணைத்தார். சாப்பாட்டுப் பெட்டியை எடுத்தார். அப்போதுதான் அவர் முகம் திரையில் தெரிந்தது. ஒரு பக்கம் சிவந்து, கண்ணில் நீர் நிறைந்திருந்தது. படியிறங்கிப் போனார். மற்ற மூவரும் மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

“சரி, வேலையப் பாருங்க,” என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தேன். தேத்தண்ணி போட்டுக் குடித்தேன். மனம் குளிர்ந்திருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது. காலையிலிருந்து நெஞ்சில் அடைத்திருந்தது இறங்கிவிட்டது.

பேராதனை விடுதியில் ஒருவன் என்னைத் தோட்டக்காட்டான் என்ற அதே வார்த்தையால் இழிவாக அழைத்தான். சாப்பாட்டுத் தட்டால் அவன் மூக்கை உடைத்தேன். இரத்தம் சோற்றில் சொட்டியது. நம் மக்களின் மானத்தைக் காத்துவிட்டதாக நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வார்த்தை அத்தனை வருடங்களும் என் வாய்க்குள்ளேயே, துருப்பிடிக்காமல் இருந்திருக்கிறது.

5

அடுத்த நாள் கனகராஜ் வழக்கமான நேரத்துக்கு வந்தார். கையில் சாக்குத் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று. ரூமிலிருந்த பெண்பிள்ளை ஒருத்தி பிறகு எனக்குச் சொன்னாள். “வேலைக்குத்தான் வந்துட்டாருன்னு நெனச்சோம் சார். சந்திரண்ணன்கூட, வாங்க கனகராஜ்னு சொன்னாரு.”

“நேத்து குடுத்தத திருப்பிக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்,” என்றாராம் கனகராஜ்.

சந்திரன் முகத்தை மறைக்க வலது கையை உயர்த்தினான். தேயிலைச் செடியின் முற்றிய கிளையை ஒரே வீச்சில் அறுக்கிற கத்தி அது. உள்ளங்கையைப் பிளந்து நரம்புகளை அறுத்தது. அடுத்த வெட்டு தோளில். அவன் படியில் உருண்டு இரும்புக் கடைக்குள் விழுந்தான். முள்ளுக்கம்பிச் சுருள்களின் மேல் இரத்தம் ஓடியது. கனகராஜ் துரத்தவில்லை. கத்தியோடு மேல்படியில் உட்கார்ந்துவிட்டார். பொலிஸ் வருவதற்குள் பஜார் ஆட்கள் அவரைக் கீழே இழுத்துப் போட்டு மிதித்தார்கள். முன்பற்கள் போயின.

கொலை முயற்சி என்று பொலிசார் வழக்குப் பதிந்தார்கள். சந்திரன், தான் கனகராஜைத் தொட்டதே இல்லை என்று வாக்குமூலம் கொடுத்தான். மற்ற மூவரும் எதையும் பார்க்கவில்லை என்றார்கள். ரூம் பூட்டிக் கிடந்தாலும் அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பவன் நான்.

ருக்மணி போனில் அழவில்லை. “அண்ணே, நீங்க வாயத் தொறக்காதீங்க. அடிச்சதே இல்லன்னு சந்திரன் சொல்லிட்டான். அந்த நாயி உள்ளேயே கெடந்து சாகட்டும்.”

“அடிக்கச் சொன்னது நான், ருக்கு.”

“அது எனக்குந் தெரியும். ஊருக்குத் தெரிய வேணாம். எம்புள்ள கையி போச்சு, ரெண்டு வெரலு மடங்க மாட்டேங்குது. அவன் பேரும் போகணுமா?”

நான் சரி என்றேன். ஆம், சரி என்றேன். கனகராஜ் விளக்கமறியல் சிறையில் இருந்தார், நான் இங்கே கணப்படுப்பைக் கூட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் மகன் அருள் பிரிஸ்டலில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பான்; வானிலை பற்றி ஆங்கிலத்தில் பேசுவோம். அவனிடம் மிஞ்சியிருக்கும் தமிழ் ‘அப்பா’ மட்டும். அந்த ஞாயிறு நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வேறு யாரும் இல்லை என்பதால் இருக்கலாம்.

அவனுக்குப் பதினைந்து வயதில் நான் பெல்ட்டால் அடித்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் முதுகைப் பார்த்துவிட்டுக் குழந்தைகள் நல அதிகாரிகள் இருவர் வீட்டுக்கு வந்தார்கள். சைக்கிளிலிருந்து விழுந்தான் என்றேன். அவனையும் அப்படியே சொல்ல வைத்தேன். அவன் பிள்ளைகளோடு என்னை இன்றுவரை தனியாக விட்டதில்லை.

“அடித்ததை விடுங்கள்,” என்றான் ஆங்கிலத்தில். “அன்றைக்கு என்னைப் பொய் சொல்ல வைத்தீர்கள். இப்போது ஒரு ரூம் முழுவதையும் பொய் சொல்ல வைத்திருக்கிறீர்கள், அப்பா.”

அந்த வாரமே டிக்கெட் எடுத்தேன்.

6

ஹட்டனில் இறங்கியதும் தங்கை வீட்டுக்குப் போகாமல் பொலிசுக்குப் போனேன். சிங்களப் பொலிஸ்காரர் ஒருவர் மரியாதையாக நாற்காலி போட்டார். நான் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினேன். அவர் எனக்கு உதவுவதாக நினைத்து, ஐயாவுக்குப் பதில் மஹத்தயா என்று போட்டு, உடைந்த தமிழில் கேட்டார்.

“மஹத்தயா இங்கிலாந்துதானே இருந்தது?”

“ஆமா.”

“அப்ப எப்படி அடிக்கிறது? கை அவ்வளவு நீளமா?”

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். சம்பவ இடத்தில் இல்லாதவரின் வாக்குமூலம் தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். சிறிது நேரம் வாசலில் நின்றேன். உண்மையைச் சொல்லிவிட்டேன், யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, இனி விமானம் ஏறலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது என்பதையும் எழுதுகிறேன்.

கனகராஜின் வக்கீல் ஓர் இளம்பெண். தபால் கந்தோருக்குப் பக்கத்துச் சந்தில் அறை. அங்கே கனகராஜின் மனைவி சரோஜா உட்கார்ந்திருந்தாள். கொழுந்து பறிக்கிறவள், விரல்கள் கறுத்திருந்தன. நான் வந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

சத்தியக் கடதாசி கொடுங்கள், கோர்ட்டிலும் வந்து நில்லுங்கள், முதல் அடி சந்திரனுடையது என்று வந்தால் கொலை முயற்சி நிற்காது, பிணை கிடைக்கும் என்றார் வக்கீல். நான் அங்கேயே எழுதினேன். ‘தவறிழைத்த ஊழியரைக் கண்டிக்குமாறு கூறினேன்.’

வக்கீல் படித்துவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார். “கண்டிக்கவாங்க சொன்னீங்க?”

“அடிக்கும்படி…”

“எந்த வார்த்தையில சொன்னீங்களோ அதையே எழுதுங்க ஐயா. நல்ல தமிழ்ல எழுதினா அடி விழுந்த மாதிரி தெரியாது.”

எழுதினேன். தோட்டக்காட்டான் என்பதையும் எழுதினேன். சரோஜா அப்போதும் திரும்பவில்லை.

கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் அந்தச் சொல்லில் கொஞ்சம் தடுமாறி, ‘தோட்டத்து ஆள்’ என்று சிங்களத்தில் சொன்னார். அது இல்லை, அது வசைச்சொல் என்று நானே நீதவானுக்குச் சிங்களத்தில் விளக்கினேன். நீதவான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு சந்திரனிடம் கேட்டார். அவன் கட்டுப்போட்ட கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு, அம்மாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “அடிச்சேன்,” என்றான்.

கனகராஜுக்குப் பிணை கிடைத்தது.

வெளியே வாகனங்கள் நிற்கும் இடத்தில் ருக்மணி என்னைப் பிடித்தாள்.

“எம்புள்ளைய அடிக்க வச்சதும் நீங்க. இப்ப அவன்தான் மொதல்ல அடிச்சான்னு சாட்சி சொல்ல வந்ததும் நீங்க. அங்கயும் தொர, இங்கயும் தொர, இல்ல?”

“ருக்கு, நான் சொன்னது…”

செருப்பைக் கழற்றி முகத்தில் அடித்தாள். கண்ணாடி தெறித்து உடைந்தது. மறுபடி அடித்தாள். உதடு கிழிந்து வாய்க்குள் உப்புக் கரித்தது. தொப்பியைக் கையில் வைத்திருந்த பொலிஸ்காரர் ஒருவர் வேறு பக்கம் பார்த்தார். சந்திரன், “அம்மா, போதும். வாங்க,” என்று தூரத்திலிருந்தே சொன்னான். கிட்டே வரவில்லை. அவள் செருப்பைக் கீழே போட்டுக் காலில் மாட்டிக்கொண்டு போனாள். அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

நான் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கனகராஜ் எதிரே வந்தார். மெலிந்திருந்தார். முன்பல் இல்லாததால் பேச்சில் காற்று வந்தது.

“அந்த நீலக் கானு, சார். அதுல என்னாதான் இருந்திச்சு?”

“மாட்டுக்கு வயித்துப் பூச்சிக்கு ஊத்துறது.”

அவர் யோசித்தார். “வயித்துப் பூச்சிக்கா? எம்மகளுக்குக் குடுக்கிற மாதிரியா?”

“ஆமா. எங்கம்மா அத பூச்சி மருந்துன்னுதான் சொல்லும். அதுவே வாயில வந்திருச்சு. நீங்க போட்டதுல தப்பில்ல, கனகராஜ். நான்தான் தப்பாச் சொன்னேன்.”

“அப்ப அடி யாருக்கு விழுந்திருக்கணும்?”

“எனக்கு.”

என் உதட்டைப் பார்த்தார். “ஒங்களுக்குத்தான் விழுந்திருச்சே,” என்றார். சிரித்தது போலத்தான் இருந்தது. பிறகு அது நின்றுவிட்டது. “எனக்கு விழுந்தத என்னா செய்றது, சார்?”

மன்னியுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் காத்திருக்கவில்லை. வட்டவளை பஸ் வந்து நின்றது. அவர் போய் மிதிபலகையில் ஏறினார்.

சரோஜா ஏறவில்லை. என்னிடம் திரும்பி வந்தாள். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

“சார், ரூம எப்பங்க தொறப்பீங்க? கத்தியெடுத்தவருக்குத் தோட்டத்துல வேல குடுக்க மாட்டேங்கிறாங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா…”

கனகராஜ் மிதிபலகையிலிருந்து குதித்து வந்தார். அவள் பேச்சை முடிக்கவில்லை. அவர் கை அவள் கன்னத்தில் விழுந்த வேகத்தில் தலை பஸ்ஸின் தகரத்தில் மோதியது. ஜன்னல்களில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அவர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் அழவில்லை. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். இது அவளுக்குப் புதிது என்று முகத்தில் தெரிந்தது. கண்டக்டர் அவள் கையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டு, “யமு, யமு” என்று சிங்களத்தில் புறப்படச் சொல்லிப் பஸ்ஸைத் தட்டினான்.